எழுத்தும் வேண்டும், கணக்கும் வேண்டும்

முதல் புத்தகத்துக்குத் தயாராகும் எழுத்தாளர்கள் அறிந்திருக்க வேண்டியவை

டிசம்பர் பிறந்துவிட்டால் தமிழ்ப் பதிப்பகங்களில் யாருக்கும் சரியான தூக்கம் இருக்காது. 1977-ல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சி பொங்கலையொட்டி நடப்பது வழக்கம். அதற்குள் புத்தகம் வந்தாக வேண்டும் என்று அச்சகங்களில் நெருக்கடி. முதல் புத்தகக்காரர்கள் அதில் நிறையவே இருப்பார்கள். பல கையெழுத்துப் பிரதிகள் ஒரே ஒரு முறை புரூஃப் பார்க்கப்பட்டு, பிழைகளோடு அச்சேறி, எண்ணற்ற புதுத் தலைப்புகளுக்கு நடுவே மேஜையில் கிடந்து, மார்ச் மாதத்துக்குள் மறக்கப்பட்டுவிடுகின்றன. எழுதியவர் அதற்காக ஆண்டுக்கணக்கில் உழைத்திருப்பார்.

நம்மிடம் திறமைக்குப் பஞ்சமில்லை. ஆனால் எழுதுகிறவர் காசு, ஒப்பந்தம், விற்பனை என்று பேசக் கூடாது என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அந்தக் கூச்சம்தான் பலரை முதல் புத்தகத்தோடு நிறுத்திவிடுகிறது. எழுத்தில் நீடித்து நிற்க நினைப்பவர் முதலில் அதை உதற வேண்டும்.

வேலையை விடாதீர்கள்

ஒரு சின்னக் கணக்கு. புத்தகத்தின் விலை 250 ரூபாய். தமிழில் வழக்கமான ராயல்டி 10 சதவீதம். ஆக, ஒரு பிரதிக்கு 25 ரூபாய். 300 பிரதிகள் அச்சிட்டு, எல்லாம் விற்றுத் தீர்ந்தால் கைக்கு வருவது 7,500 ரூபாய். முன்பெல்லாம் முதல் பதிப்பு என்றால் 1,000 அல்லது 1,200 பிரதிகள் அச்சிடுவார்கள். தேவைக்கேற்ப அச்சிடும் பி.ஓ.டி. முறை வந்தபிறகு நூறு, இருநூறு என்று அச்சிட்டுப் பார்ப்பது சாதாரணமாகிவிட்டது.

இந்தக் கணக்கைத் தமிழின் பெரிய எழுத்தாளர்கள் பலர் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். தி. ஜானகிராமன் வானொலியில் இருந்தார். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளர். வண்ணதாசன் வங்கி ஊழியர். நாஞ்சில் நாடன் விற்பனைப் பிரதிநிதியாக ஊர் ஊராக அலைந்தவர். இமையம் பள்ளி ஆசிரியர். எழுத்தை மட்டுமே நம்பி நிமிர்ந்து நின்ற ஜெயகாந்தனைப் போன்றவர்கள் மிகச் சிலர். பத்திரிகை வேலையை விட்டுச் சினிமாவை நம்பிப் போன புதுமைப்பித்தன், 1948-ல் காசநோயோடும் வறுமையோடும் திருவனந்தபுரத்தில் இறந்தார். அவருக்கு வயது 42.

மாதச் சம்பளம் எழுத்துக்குப் பகை அல்ல. வீட்டு வாடகைக்காக எழுத வேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதவர்தான் பிடிக்காத வேலையை மறுக்க முடியும், ஒரு நாவலுக்கு ஐந்து ஆண்டு எடுத்துக்கொள்ள முடியும். நாளில் ஒரு மணி நேரத்தை எழுத்துக்கென்று ஒதுக்கி, அதைக் குடும்பமும் மதிக்கும்படி பழக்கிவிட்டால் போதும். மிச்சத்தை ஆண்டுகள் பார்த்துக்கொள்ளும்.

இதழ்களில் தொடங்குங்கள்

1933-ல் வந்த ‘மணிக்கொடி’யும், 1959-ல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ம், 1965-ல் தொடங்கிய ‘கணையாழி’யும் தலைமுறை தலைமுறையாக எழுத்தாளர்களை உருவாக்கின. இன்று அந்த வேலையை அச்சு இதழ்களோடு இணைய இதழ்களும் செய்கின்றன. புத்தகத்துக்கு முன் பத்துப் பதினைந்து கதைகளாவது இதழ்களில் வரட்டும். முகம் தெரியாத ஓர் ஆசிரியர் உங்கள் கதையைத் தேர்ந்தெடுப்பது, நண்பர்களின் பாராட்டு தர முடியாத ஒரு மதிப்பீடு.

அனுப்புவதிலும் ஒழுங்கு வேண்டும். அந்த இதழின் நான்கைந்து பழைய பிரதிகளையாவது படித்துவிட்டு அனுப்புங்கள். யூனிகோடில் தட்டச்சு செய்து, பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே நேரத்தில் இரண்டு இடங்களுக்கு அனுப்பக் கூடாது. பதில் வராவிட்டால் இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு வரி எழுதிக் கேட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள்.

போட்டிகளையும் ஒதுக்க வேண்டாம். ஜெயமோகனின் முதல் நாவலான ‘ரப்பர்’ 1990-ல் அகிலன் நினைவுப் பரிசு பெற்றுத்தான் வெளிச்சத்துக்கு வந்தது. 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சாகித்ய அகாடமி 2011 முதல் யுவ புரஸ்கார் வழங்கிவருகிறது. பரிசுத் தொகை 50,000 ரூபாய்.

திருத்தம் அவமானம் அல்ல

புதியவர்களின் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் தொடக்கம் ஒன்று உண்டு. அலாரம் அடிக்கிறது. நாயகன் எழுகிறான். பல் துலக்குகிறான், காபி குடிக்கிறான், சட்டையை இஸ்திரி போடுகிறான். அப்பா மதுரைக்குப் போயிருப்பதாக அம்மா சொல்கிறாள். மூன்றாம் பக்கத்தில், டவுன் பஸ்ஸின் முன் இருக்கையில் அதே அப்பா முன்பின் தெரியாத ஒரு சிறுமிக்கு ஜன்னலோரம் இடம்விட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறான்.

நல்ல எடிட்டர் முதல் இரண்டு பக்கங்களை அடித்துவிடுவார். கதை பஸ்ஸில் தொடங்கும். அம்மா சொன்ன அந்த மதுரை மட்டும் ஒரு வரியாக உள்ளே வந்து உட்காரும். அலாரமும் காபியும் போனதில் நட்டமில்லை. அந்த மதுரை போயிருந்தால் கதையே இல்லை. எதை வெட்டுவது, எதைக் காப்பது என்ற இந்தத் தெளிவைத்தான் எழுத்தாளர் கற்றுக்கொள்ள வேண்டும்.

தமிழில் எடிட்டர் வைத்திருக்கும் பதிப்பகங்கள் குறைவு. அந்தப் பணியை உயிராக மதித்தவர் க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன். இமையத்தின் முதல் நாவலான ‘கோவேறு கழுதைகள்’ 1994-ல் வெளிவந்தது க்ரியாவிலிருந்துதான். அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், முடித்த பிரதியை இரண்டு மாதம் தொடாமல் வையுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடிய இருவரிடம் கொடுங்கள். கடைசிப் புரூஃபைத் திரையில் பார்க்காமல் தாளில் பாருங்கள்.

ஒப்பந்தத்தைப் படியுங்கள்

வாய்ப்பேச்சிலேயே புத்தகம் போடுவது நம்மிடையே இன்னும் வழக்கமாக இருக்கிறது. ஆனால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதுகிறவர் பக்கம் உறுதியாக நிற்கிறது. எழுத்து வடிவில், உங்கள் கையெழுத்தோடு இல்லாத எந்த உரிமை மாற்றமும் செல்லாது. எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் அது ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று சொல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். பதிவு செய்தால்தான் பதிப்புரிமை என்பதும் இல்லை, எழுதியதுமே அது உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பின் 60 ஆண்டுகள் உங்கள் வாரிசுகளுக்கும் உண்டு.

எனவே ஒப்பந்தத்தில் ஐந்து விஷயங்களைத் தேடுங்கள்: ராயல்டி எத்தனை சதவீதம், ஆண்டில் எப்போது கணக்குத் தருவார்கள், எத்தனை ஆண்டு உரிமை, பிரதி தீர்ந்து மறுபதிப்பு வராவிட்டால் உரிமை எப்போது திரும்பும், மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் யாருக்கு. ‘எல்லா உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே’ என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

மொழிபெயர்ப்பு நமக்கெங்கே என்று அலட்சியம் வேண்டாம். பெருமாள்முருகனின் ‘ஆளண்டாப் பட்சி’ 2012-ல் தமிழில் வந்தது. ஜனனி கண்ணனின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் ஜேசிபி இலக்கியப் பரிசை வென்றது. எழுத்தாளருக்கு 25 லட்சம் ரூபாய், மொழிபெயர்ப்பாளருக்கு 10 லட்சம். அதே 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சியும் நடக்கிறது. அங்கே பேசப்படுவதே மொழிபெயர்ப்பு உரிமைதான்.

யார் பணம், யார் பொறுப்பு?

புத்தகம் போட எழுத்தாளரிடமே பணம் கேட்கும் நிறுவனங்கள் பெருகிவிட்டன. அவர்களுக்கு வர வேண்டிய லாபம் உங்களிடமிருந்தே வந்துவிடுவதால், புத்தகத்தை விற்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. பிரதிகள் உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும். சொந்தச் செலவில்தான் போட வேண்டும் என்றால் நீங்களே பதிப்பாளராகுங்கள். லே-அவுட், அட்டை, அச்சு எல்லாவற்றையும் தனித்தனியாக விலை பேசுங்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகவே தருகிறது. அதற்கென்று யாராவது தொகை கேட்டால் கொடுக்காதீர்கள். கிண்டிலில் மின்னூல் வெளியிடவும் கட்டணமில்லை.

விற்பதிலும் வெட்கம் வேண்டாம். சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். மண்டபம் பிடித்துப் பொன்னாடை போர்த்தி வெளியீட்டு விழா நடத்தும் செலவில், ஈரோடு, மதுரை, நெய்வேலி என்று புத்தகக் காட்சிகளுக்குப் போய் வாசகரோடு பேசலாம். உள்ளூர் நூலக வாசகர் வட்டத்தில் இருபது பேர் முன்னால் ஒரு கதையைச் சொல்லுங்கள். அதில் ஐந்து பேர் வாங்கிப் படித்தால், அடுத்த புத்தகத்துக்கு அவர்களே ஆள் சேர்ப்பார்கள்.

இவ்வளவும் எழுத்தைக் காப்பாற்றிக்கொள்வதற்காகவே. பதிப்பகம் உங்கள் பிரதியை ஏற்றுக்கொள்ளும் அன்றே எழுத்துபூர்வமான ஒப்பந்தம் கேளுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், தயங்காமல் கேளுங்கள். தர மறுப்பவர் எவ்வளவு பெரிய பதிப்பாளராக இருந்தாலும், உங்கள் புத்தகத்தை அவரிடம் கொடுக்காதீர்கள்.