இழையமும் ஒளியும்: கருவியின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்குவோர் பெரும்பாலும் அதற்குச் சாயமூட்டியே நோக்குவர். முனைவாக்கிய ஒளி எழுப்பும் வினா வேறு: மூலக்கூறுகள் எவ்வொழுங்கில் அடுக்கப்பட்டுள்ளன? தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றின் முதன்மைப் புரதம் கொலாஜன். அதன் நாரின் நெடுக்கே அதிரும் ஒளியும் குறுக்கே அதிரும் ஒளியும் வெவ்வேறு வேகத்திற் செல்கின்றன. ஆகவே, ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு முனைவாக்கிகளுக்கிடையே வைத்தால் இருண்ட புலத்தில் நார்கள் ஒளிரும். கலப்பிரிவின்போது தோன்றும் கதிர்நார்கள் பதப்படுத்தலால் விளைந்த போலித் தோற்றமே என வாதிட்டோர் இருந்தனர். சின்யா இனோவே 1953இல் அவற்றை உயிருள்ள கலத்திலேயே இம்முறையாற் காட்டினார்.

இங்கு நாம் கொண்ட எடுகோள், ஒளியின் செறிவு இருமடங்கானால் விளைவும் இருமடங்காகும் என்பதே. அது எப்போதும் பொருந்தாது. ஒரு மூலக்கூறு இரு ஒளித்துகள்களை ஒருங்கே உறிஞ்சக்கூடும் என மரியா கெப்பேர்ட்-மாயர் 1931இல் வெளியிட்ட ஆய்வுரையிற் கணித்துக் காட்டினார். அக்கணிப்பு முப்பது ஆண்டுகள் பரிசோதனைக்காகக் காத்திருந்தது. குறைவுற்றிருந்தது சிந்தனையன்று, கருவியே. 1960இல் லேசர் தோன்றியது. மறு ஆண்டிலேயே மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பீற்றர் பிராங்கனின் குழுவினர் 694 நானோமீற்றர் அலைநீளச் சிவப்பொளியைக் குவார்ட்சுப் பளிங்கினூடு செலுத்தி, அதன் பாதி அலைநீளத்தில் ஊதாக்கடந்த ஒளியைப் பெற்றனர். அதனைக் காட்டிய சிறு புள்ளி அச்சான படத்தில் இல்லை. அழுக்கெனக் கருதி நீக்கப்பட்டதாகக் கூறுவர்.

இவ்விளைவு செறிவின் வர்க்கத்திற்கேற்ப வளர்வது. அளவு மாற்றம் பண்பு மாற்றமாவதற்கு இதனை உதாரணங்காட்டும் ஆசை நம்மவர்க்கு எழலாம். ஆயின் மங்கிய ஒளியிலும் விளைவு உண்டு. அது காணவியலாத அளவு சிறிது, அவ்வளவே.

சமச்சீர் மையமற்ற அமைப்புகளே அலைநீளத்தை இவ்வாறு பாதியாக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமச்சந்திரனும் கர்த்தாவும் 1954இல் முன்மொழிந்த முப்புரிச் சுருளமைப்புடைய கொலாஜன் அத்தகையது. ஆதலின், 800 நானோமீற்றர்த் துடிப்புகளைக் குவித்தால் சாயமேதுமின்றி நார்களே 400 நானோமீற்றர் ஒளியைத் தருகின்றன. அதுவும் குவியத்திலிருந்து மட்டுமே. மார்பகப் புற்றுக்கட்டியின் விளிம்பிற்குச் செங்குத்தாக நார்கள் நேராக்கப்பட்டிருப்பதையும், அவற்றின் வழியே கலங்கள் வெளியேறுவதையும் விஸ்கொன்சின் ஆய்வாளர் 2006இல் இம்முறையாற் கண்டனர். இவ்வமைப்புடைய நோயாளரின் உயிர்வாழ்வு குறைவென்பது 2011இல் வெளிவந்தது.

ஆயினும் இத்தகைய லேசர் எத்தனை வைத்தியசாலைகளுக்கு எட்டும்? இவ்விடத்திற் சாவோ பவுலோ ஆய்வாளர் யுங்கேய்ராவும் சகாக்களும் 1979இல் வெளியிட்ட முறை கவனத்திற்குரியது. பிக்ரோசிரியஸ் சிவப்புச் சாயம் கொலாஜனின் இரட்டை முறிவைப் பெருக்குகிறது. சாதாரண முனைவாக்க நுணுக்குக்காட்டியே போதும். சிவப்பு ஒருவகைக் கொலாஜன், பச்சை இன்னொருவகை என அதனை வாசிப்பதுதான் ஐயத்திற்குரியது. நாரின் தடிப்பும் நிறத்தை மாற்றும். அன்றியும், முனைவாக்கியின் திசைக்கு இணையாகக் கிடக்கும் நார் இருண்டே தோன்றும். மேடையைச் சுழற்றாது நார்களை அளப்பவர் இருப்பதையும் இல்லையென எழுதிவிடுவார்.