முடிவை எழுதுவது யார்?

பொம்மைக் கடையிலே நிற்கிறாள் ஒரு பெண். வயது 19. ஊர், நியூயார்க். கிறிஸ்துமஸ் நெருங்கும் நேரம், கூட்டமோ கூட்டம். நாளெல்லாம் நின்று கால் கடுக்கிறது, கூலியோ சொற்பம். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருகிறாள் உரோம அங்கி அணிந்த சீமாட்டி. மகளுக்குப் பொம்மை வேண்டும். வீட்டுக்கு அனுப்பச் சொல்லி விலாசம் தருகிறாள். கடைப்பெண் எழுதிக்கொள்கிறாள். விலாசம் தாளிலே பதிகிறது. வந்தவளின் முகம் நெஞ்சிலே பதிகிறது!

ஆம், தோழர்களே! இரு பெண்களுக்கிடையே காதல். ஒருத்தி மாளிகை, மற்றவள் வாடகை அறை. ஒருத்தி உலகம் கண்டவள், மற்றவள் இப்போதுதான் உலகைக் காண்பவள். முகம் சுளிக்காதீர், முழுக்கக் கேளுங்கள்.

‘பிரைஸ் ஆஃப் சால்ட்’ – உப்பின் விலை – என்ற நாவல் இது. ஆண்டு 1952. எழுதியவர் பெட்ரீஷியா ஹைஸ்மித். 1948-இல் அவரே ஒரு பெரிய கடையிலே பொம்மை விற்றவர். அங்கு வந்த ஒரு மாதின் தோற்றமே கதைக்கு வித்து. ஆனால், புத்தகத்திலே அவர் பெயர் இல்லை. கிளேர் மார்கன் என்ற புனைபெயருக்குள் ஒளிந்துகொண்டார். அவருடைய முதல் நாவலை வெளியிட்ட பதிப்பகமே இதை ஏற்க மறுத்தது.

ஏன் இந்த அச்சம்? 1928-இல், ராட்கிளிஃப் ஹால் எழுதிய ‘வெல் ஆஃப் லோன்லினஸ்’ நாவலை அழித்துவிடுமாறு லண்டன் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதிலும் சீமான் வீட்டுப் பெண்ணும் அனாதைப் பெண்ணும் காதலர்; முடிவிலே பிரிகிறார்கள். பிரிந்தும் தப்பவில்லை புத்தகம்! அமெரிக்காவிலே 1952-இல், வின் பேக்கர் என்ற புனைபெயரிலே மேரிஜேன் மீக்கர் ‘ஸ்பிரிங் ஃபயர்’ எழுதினார். இன்பமாக முடிக்கக்கூடாது என்றார் பதிப்பாசிரியர். தபால் இலாகா புத்தகத்தைப் பறிமுதல் செய்துவிடுமாம்! காதலியருள் ஒருத்திக்குப் பித்துப் பிடிக்கிறது. 10 லட்சத்துக்கும் மேல் விற்றது அந்த நூல். வாசகர் காசு கொடுத்தார். முடிவைச் சர்க்கார் கொடுத்தது!

ஹைஸ்மித் பணியவில்லை. சீமாட்டியின் கணவன் துப்பறிவோனை ஏவுகிறான். ஓட்டல் அறையிலே ஒட்டுக் கேட்கும் கருவி! பெற்ற மகளைப் பிரிக்க வழக்கு! ‘அவளை இனிப் பார்க்கமாட்டேன்’ என்று வாக்களித்தால் மகளிடம் அதிக உரிமை உண்டு. மறுக்கிறாள் தாய். மகளை எப்போதோ காணலாம் என்பதே மிச்சம். உப்பின் விலை அதுதான்.

கடைப்பெண் என்ன ஆனாள்? நாடக மேடை அமைக்கும் தொழிலிலே தன் காலிலே நிற்கத் தொடங்குகிறாள். ‘வா, என் வீட்டிலே இரு’ என்று சீமாட்டி அழைக்கும்போது, ‘இல்லை’ என்கிறாள். என்ன அழகான சொல் அது! பணம் படைத்தவள் நீட்டிய கையைப் பற்றி ஏறிக்கொள்ளவில்லை அந்த ஏழை. பிறகு எண்ணிப் பார்க்கிறாள், தானாக வருகிறாள். ஆதரவு தேடி வரும் அடிமையாக அல்ல, சமமானவளாக வருகிறாள். சாவு இல்லை, பித்து இல்லை. இருவரும் வாழப் போகிறார்கள். கதை முடிகிறது.

1953-இல் மலிவுப் பதிப்பு வந்தது. ஏறத்தாழ 10 லட்சம் பிரதிகள் விற்றன. கிளேர் மார்கனுக்குக் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் குவிந்தன. எங்களைப் போன்றவர்களும் வாழ முடியும் என்று காட்டினீர்களே என்று நன்றி சொன்னார்கள். 1990-இல்தான் ‘கரோல்’ என்ற தலைப்போடு ஆசிரியர் தம் பெயரைப் போட்டார். 2015-இல் திரைப்படமும் ஆயிற்று.

தோழர்களே! வேலைநிறுத்தம் செய்தவன் வீதிக்கு வந்தான் என்றே முடியும் கதைகள் எத்தனை கேட்டிருக்கிறோம்! எதிர்த்தவன் கெட்டான் என்று கதையை முடித்துவிட்டால், எதிர்க்கவே அஞ்சுவான் அடுத்தவன். அந்தச் சூது நமக்குத் தெரியும். அதே சூதை இந்தப் பெண்கள்மீதும் ஏவினார்கள். அதை ஒரு கடைப்பெண்ணின் கதை உடைத்தது.

எந்தக் கதையானாலும் சரி, முடிவைப் படிக்கும்போது கேளுங்கள்: இதை எழுதியது ஆசிரியரின் பேனாவா, அதிகாரியின் தடியா?