வெல்லும் அணிக்கும் எதிரணி வேண்டும்

பிரான்சின் தென்கடற்கரையிலுள்ள கான் நகரம் என்றால் நமக்குத் திரைப்பட விழாதான் நினைவுக்கு வரும். அந்நகரின் மகளிர் கைப்பந்து அணியான ரேசிங் கிளப் தெ கான், 1998 முதல் 2015 வரை தொடர்ந்து 18 ஆண்டுகள் பிரெஞ்சு சாம்பியன் பட்டம் வென்றது. 2002, 2003 ஆகிய இரு ஆண்டுகளில் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையையும் கைப்பற்றியது. ஜார்ஜியாவில் பிறந்த விக்டோரியா ரவ்வா அந்த ஓர் அணிக்கே 20 ஆண்டுகள் ஆடினார். ஆட்டமே அவருக்குத் தொழில்; ஊதியமும் அதற்கே.

நம் நாட்டில் மகளிர் கைப்பந்தில் அத்தகைய ஆதிக்கம் செலுத்தியது ரயில்வே அணி. ஆனால், அதன் வீராங்கனைக்குக் கிடைப்பது விளையாட்டு ஒதுக்கீட்டில் பெற்ற அலுவலகப் பணிக்கான ஊதியம். இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. முழங்கால் தேய்ந்த பிறகும் நீடிக்கும் வேலை, ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு எந்த ஒப்பந்தத்தைவிடவும் மேலானது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வேலை தருபவர் ஒருவரே என்றால், எல்லா மாநிலங்களின் சிறந்த வீராங்கனைகளும் அங்கேயே சென்று சேர்வர். மாநில அணிகள் வெறுமையாகும்.

வால்டர் நீல் என்னும் பொருளியலறிஞர் 1964இல் இதற்கு விளக்கம் தந்தார். வணிக நிறுவனம் போட்டியாளரே இல்லாத சந்தையை விரும்பும். குத்துச்சண்டை வீரனுக்கோ வலுவான எதிராளி இல்லாவிட்டால் வருமானமே இல்லை. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தைக் காண யார் வருவார்?

கேரளம் இதற்கு வழிகண்டது. அம்மாநில மின்வாரியம் வீராங்கனைகளுக்கு வேலை தந்து, ஓர் அணியாகவே வைத்திருக்கிறது. 2019 ஜனவரியில் சென்னையில் நடைபெற்ற தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் கேரளப் பெண்கள் ரயில்வேயை வீழ்த்தினர்.

தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அது தனிநபருக்கு வேலை தரும், அணியை உருவாக்காது. தடகள வீராங்கனைக்கு அது போதும். ஒருவர் ஒரு துறையிலும் மற்றவர் வேறு மாவட்டத்திலும் பணிபுரிந்தால் கைப்பந்து எப்படி ஆடுவது?

பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையிலுள்ள அடுக்கம் போன்ற ஊர்களில் சமதளம் அரிது. கிரிக்கெட் மைதானத்துக்கு இடமில்லை. 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் கொண்ட கைப்பந்துக் களத்தையோ பள்ளி முற்றத்திலேயே அமைத்துவிடலாம். அங்கே தேறும் சிறுமி அரசு விளையாட்டு விடுதிக்குப் போகலாம். பின்னர் கல்லூரி அணியிலும் ஆடலாம். அதன்பின் எங்கே செல்வாள்? 2019இல் நடைபெற்ற புரோ வாலிபால் லீக், 2022இல் தொடங்கிய பிரைம் வாலிபால் லீக் இரண்டுமே ஆண்களுக்கானவை.

மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், கூட்டுறவு வங்கி என மூன்று நிறுவனங்கள் ஆளுக்கு 12 பெண்களை ஒரே ஊரில் பணியமர்த்தினால், தேவைப்படுவன 36 பணியிடங்களே. அதற்குப் புதிய ஒதுக்கீடு தேவையில்லை. இருக்கும் 3 விழுக்காட்டிலிருந்தே எடுக்கலாம்.