மீட்டரோடு சேர்ந்து வேறு என்ன செத்தது?

போன ஐப்பசி மழையில் மனைவியின் தம்பியிடமிருந்து போன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வண்டியை எடுத்திருக்கிறான். "வண்டி ஸ்டார்ட் ஆவுது மாமா. ஆனா மீட்டர்ல ஒண்ணுமே வரல. ஸ்பீடும் இல்ல, டீசல் முள்ளும் இல்ல, ஒரு லைட்டு கூட எரியல."

ரெண்டு நாள் அப்படியே ஓட்டியிருக்கிறான். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், மீட்டர் போர்டு முழுசா மாத்தணும், 28,000 ரூபாய் என்றார்களாம். பணம் மட்டும் பிரச்சினை இல்லை. வண்டி ஓடிய கிலோமீட்டர் கணக்கு அந்தப் போர்டுக்குள்தான் இருக்கிறது. மாற்றினால் நாளைக்கு விற்கும்போது வாங்குபவர் நம்ப மாட்டார். சில மாடல்களில் சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசரும் அதற்குள்ளேயே இருக்கும்.

நமக்குப் பழகின வேலையில், ஒரு ஸ்க்ரீன் வரவில்லை என்றால் முதலில் ஸ்க்ரீனையா சந்தேகப்படுவோம்? அதே சமயத்தில் வேறு என்ன நின்றது என்றுதான் பார்ப்போம். அதையே கேட்டேன். ஹாரன், ஹெட்லைட் சரி. ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னாடி விளக்கு எரியவில்லை! பல கார்களில் மீட்டருக்கும் ரிவர்ஸ் விளக்குக்கும் ஒரே ஃபியூஸ். இரண்டும் ஒன்றாகச் செத்தால், குற்றவாளி இரண்டுக்கும் பொதுவான இடத்தில் இருக்கிறான்.

இன்னொன்றும் சொன்னான்: "காலையில செல்ஃப் இழுக்கவே மாட்டேங்குது." இது எனக்கு முக்கியமாகப் பட்டது. பல பழைய கார்களில் பேட்டரி படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு வெறும் அறிவிப்பு இல்லை. அதன் வழியாகப் போகும் சின்ன கரண்ட்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் காந்தப்புலத்தைக் கொடுத்து சார்ஜ் பண்ண வைக்கிறது. மீட்டருக்கு வரும் சப்ளை போனால் சார்ஜிங்கும் போகலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8-லிருந்து 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். அவன் வண்டியில் 12.1. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் நடுராத்திரியில் ஜிஎன்டி ரோட்டில், லாரிகளுக்கு நடுவே, ஹெட்லைட் மங்கி நின்றிருப்பான்.

மீட்டர் போர்டு உயிரோடு இருக்க அடிப்படையில் மூன்று ஒயர் போதும்: பேட்டரியிலிருந்து எப்போதும் வரும் சப்ளை, சாவி போட்டால் வரும் சப்ளை, எர்த். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், கம்பி அறுபடவில்லை. மீட்டருக்குப் பின்னால் இருக்கும் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் அங்கேயும் 12.1 வோல்ட். (ஸ்டியரிங் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சில நிமிஷம் பொறுங்கள், ஏர்பேக் இருக்கிறது. அளக்கும்போது மட்டும் திரும்ப மாட்டினால் போதும்.)

சப்ளை சரியாக இருக்கிறது, ஆகவே போர்டு போச்சு என்று முடிவு கட்டத் தோன்றும் இடம் இதுதான். ஒர்க்‌ஷாப்காரரும் இங்கேதான் நின்றிருப்பார் என்று நினைக்கிறேன். ஆனால் டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை சுமார் 10 மெகா ஓம், கரண்டே இழுக்காது. பாசி பிடித்த ஒரு இணைப்பு வழியாகக்கூட முழு வோல்டேஜையும் காட்டிவிடும். குழாயை மூடி வைத்து பிரஷர் பார்க்கிற மாதிரி. திறந்துவிட்டால்தான் அடைப்பு தெரியும். ஒரு 5 வாட் பார்க்கிங் பல்பை அங்கே மாட்டினேன். பல்பு எரியவில்லை, வோல்டேஜ் 3-க்கு இறங்கியது. எர்த்தையும் இப்படித்தான் லோடு கொடுத்துப் பார்க்கணும். போர்டின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சந்தேகப்படுங்கள். இவனுக்கு எர்த் சுத்தம்.

ஃபியூஸ் உட்காரும் பித்தளைக் காலில் பச்சையாகப் பூத்திருந்தது. சுரண்டி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, அதே 10 ஆம்பியரில் புது ஃபியூஸ் போட்டதும் எல்லா முள்ளும் எழுந்தன. (20 போட்டால் அடிக்கடி போகாதே என்பார்கள். ஃபியூஸ் போகாது, ஒயர் எரியும்.)

திருவள்ளூர் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998-ல் மிட்சுபிஷி லான்சர் வர ஆரம்பித்த காலத்துக் கார்களில் ஒவ்வொரு முள்ளுக்கும் தனி ஒயர் என்பதால் தேடுவது சுலபம். இப்போதைய கார்களில் வேகம், வெப்பம் எல்லாம் போஷ் 1986-ல் அறிமுகப்படுத்திய கேன் பஸ்ஸின் இரண்டு முறுக்கிய ஒயர்களில் வருகின்றன. பேட்டரியைக் கழற்றி அவற்றுக்கு நடுவே அளந்தால் பொதுவாக 60 ஓம் வரும். 120 வந்தால் ஒரு முனையின் தடை விட்டுப்போயிருக்கிறது. ஆனாலும் கேன் கெட்டால் பெரும்பாலும் திரை எரியும், எண்தான் வராது. முழு இருட்டு என்றால் முதலில் சப்ளைதான்.

தண்ணீர் எப்படி வந்தது என்று பார்த்தோம். வைப்பருக்குக் கீழே மழைநீர் வடியும் துளையை வேப்பிலை அடைத்திருந்தது. வண்டியை அவன் நிறுத்துவது கம்பெனி வாசலில் இருக்கும் வேப்ப மரத்தடியில்தான்.