குடித்தனக்காரர் 'குழாய் சொட்டுகிறது' என்றால்...

நம்மவர்களில் பலர் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் ஒரு ஃப்ளாட் வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஓய்வுக்குப் பின் பென்ஷனுக்கு அந்த வாடகைதான் துணை. ஆனால் குடித்தனக்காரர் போன் செய்தாலே சிலருக்கு முகம் சுருங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால், புகார் சொல்லும் குடித்தனக்காரர்தான் நல்லவர். வாய் திறக்காமல் இருந்துவிட்டு, காலி செய்யும்போது ஓதம் ஏறிய சுவரை ஒப்படைக்கிறாரே, அவரால்தான் நமக்கு நஷ்டம்.

ரயில்வேயில் கீமேன் என்றொரு தொழிலாளி உண்டு. தினமும் தன் எல்லைக்குள் தண்டவாளத்தோடு நடந்து, தளர்ந்ததை அப்போதே முடுக்கிவிட்டுப் போவார். மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருக்க மாட்டார். வாடகை வீட்டுக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும்.

முதலில் மின்சாரம். "குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது, மாமா" என்று யாராவது சொன்னால் அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளக் கூடாது. மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு, அன்றைக்கே எலக்ட்ரீஷியனை அனுப்பி எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை 6 ஆம்பியர் பிளக்கில் செருகினால் பிளக் கருகாமல் என்ன செய்யும்? குடித்தனக்காரரைக் கோபித்துப் பயனில்லை. 16 ஆம்பியர் பாயிண்ட் போட்டுக் கொடுப்பது நம் வேலை. கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்துவிடுங்கள். உயிர் காக்கும் சாமான், விலை பார்க்க வேண்டாம்.

குழாய் சொட்டுவது அவ்வளவு அவசரமில்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் அடியில் டம்ளர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 200 மில்லி சேர்ந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 லிட்டர் வீண். பெரும்பாலும் வாஷரோடு போகும் வேலை. ஃப்ளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகும். தொட்டியில் கொஞ்சம் சாயம் கலந்து, ஃப்ளஷ் செய்யாமலே கோப்பையில் நிறம் இறங்குகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

ஓதம்தான் தலைவலி. மழைக்காலத்தில் மட்டும் வந்தால் வெளிச்சுவரையோ மொட்டை மாடியையோ சந்தேகிக்கலாம். சொசைட்டிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். வருடம் முழுக்க இருந்தால் மேல் வீட்டுக் குளியலறையாக இருக்கலாம். காரணம் தெரியாமல் பெயிண்ட் அடிப்பது பணத்தைக் கரைப்பது.

செலவு யாருடையது? மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம், குழாய் பதிப்பு, வயரிங், வெள்ளையடிப்பு ஆகியவற்றை உரிமையாளருக்கும், குழாய் வாஷர், சுவிட்சு, ஜன்னல் கண்ணாடி போன்றவற்றைக் குடியிருப்பவருக்கும் பிரித்திருக்கிறது. மாநிலம் ஏற்றால்தான் அது சட்டம். ஆனாலும் நல்ல அளவுகோல். மகாராஷ்டிரத்தில் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது 1999 சட்டப்படி கட்டாயம். அதிலேயே இந்தப் பிரிவினையை எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதமில்லை. ஒரு தொகை வரை அவரே சரிசெய்து, ரசீதைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சேர்க்கலாம். ஓய்வுக்குப் பின் திருநெல்வேலிக்கோ பாலக்காட்டுக்கோ போய்விட்டவர்களுக்கு இது மிகவும் சௌகரியம்; நம்பகமான பிளம்பர், எலக்ட்ரீஷியன் நம்பர்களையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

மே மாதக் கடைசியில் ஒருநாள், முன்கூட்டியே சொல்லிவிட்டு, வீட்டைப் போய்ப் பாருங்கள். பால்கனித் தண்ணீர் போகும் துவாரத்தில் அடைப்பு இருக்கிறதா, ஜன்னல் ஓரத்துப் பூச்சு விட்டிருக்கிறதா என்று பார்க்க அரைமணி நேரம் போதும். ஜூனில் மழை பிடித்துவிட்டால் மிஸ்திரி கிடைப்பது குதிரைக் கொம்பு.