பழைய ஜீப்புக்கு எந்த ஆயில்?

ஹவுராவில் வண்டிச் சாமான் கடை ஒன்றுக்குப் போய் நின்று பாருங்கள். வருகிறவர்கள் பலரும் "ஒரு லிட்டர் மோபில் கொடுங்கள்" என்று கேட்பார்கள். வங்காளத்தில் என்ஜின் ஆயிலுக்கே 'மோபில்' என்று பெயர் வந்துவிட்டது. உண்மையில் அது ஒரு கம்பெனி ஆயிலின் பெயர். எந்த வனஸ்பதியையும் நாம் 'டால்டா' என்று சொல்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

பெயர் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. ஆனால் 'மோபில்' என்று மட்டும் கேட்டால், கடைக்காரர் கைக்கு வந்ததைக் கொடுப்பார். எல்லா ஆயிலும் எல்லா என்ஜினுக்கும் பொருந்தாது. எது பொருந்தும் என்பதை ஆயில் டப்பாவே சொல்கிறது. அதை நாம்தான் படித்துப் பார்க்க வேண்டும்.

ஆயில் என்ன செய்கிறது?

என்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசுகின்றன. பிஸ்டன் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் போய் வருகிறது. ஆயில் இந்தப் பாகங்களுக்கு நடுவே மெல்லிய படலமாக நிற்கிறது. தேய்மானத்தைக் குறைக்கிறது. சூட்டை இழுத்துக்கொண்டு போகிறது. கரியையும் அழுக்கையும் அள்ளிக்கொண்டு வருகிறது. துருப் பிடிக்காமல் காக்கிறது.

ஆயில் இல்லாமல் போனால் என்ன ஆகும்? சில நிமிடங்களில் பேரிங் உருகும். பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். வண்டி நின்றுவிடும். மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது இப்படி நடந்தால் உயிருக்கே ஆபத்து. பிறகு என்ஜின் வேலைக்கு ஆகும் செலவு பல மாத வருமானத்தைத் தின்றுவிடும்.

மலை ஏறும் பழைய வண்டிகள்

ஹவுராவில் ரயில் ஏறினால் வடக்கே நியூ ஜல்பைகுரியில் இறங்கலாம். அங்கிருந்து மலைப்பாதையில் போனால் டார்ஜிலிங் மாவட்டத்தில் மானேபஞ்ஜன் என்ற சிற்றூர் வரும். அங்கிருந்து சந்தக்பூ என்ற சிகரத்துக்குச் செங்குத்தான பாதை ஏறுகிறது. சந்தக்பூவின் உயரம் 3,636 மீட்டர். மேற்கு வங்காளத்தில் மிக உயரமான இடம் அதுதான்.

இந்தப் பாதையில் 1950களில் செய்த லேண்ட் ரோவர் வண்டிகள் பல பத்தாண்டுகள் ஓடின. லேண்ட் ரோவர் முதன்முதலில் 1948இல் வெளிவந்தது. 2018இல் அதன் 70ஆம் ஆண்டு நிறைவின்போது, அந்தக் கம்பெனியே மானேபஞ்ஜன் வண்டிகளைப் பற்றிப் படம் எடுத்தது. அப்போது அந்த ஊரில் சுமார் 40 பழைய வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. 60 வயதைத் தாண்டிய வண்டி மலை ஏறுவது சும்மா நடக்கிற காரியமா? ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் ஒவ்வொரு நாளும் கவனித்துப் பார்த்ததால் நடந்தது.

நம் தமிழ்நாட்டிலும் போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலை ஏறுகின்றன. எந்த மலையானாலும் பழைய வண்டியின் தேவை ஒன்றுதான்.

முதலில் என்ஜினைப் பாருங்கள்

பழைய ஜீப்புகள் பலவற்றில் என்ஜினை மாற்றியிருப்பார்கள். பெட்ரோல் என்ஜினை எடுத்துவிட்டு டீசல் என்ஜின் வைத்திருப்பார்கள். ஆகவே வண்டியின் பெயரை வைத்து ஆயில் வாங்கக்கூடாது. உள்ளே இருப்பது எந்த என்ஜின், எந்த வருடத்தியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த என்ஜினுக்குரிய கம்பெனிப் புத்தகம் கிடைத்தால், அதில் சொன்னதே சரியான ஆயில்.

டப்பாவில் உள்ள எண்கள்

ஆயில் டப்பாவில் '20 டபிள்யூ 40' அல்லது '15 டபிள்யூ 40' என்று போட்டிருக்கும். எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். எண்ணை யாரும் படிக்கலாம். இது ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைக் காட்டும் அளவு. எஸ்.ஏ.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்கம் 1911இல் இந்த அளவு முறையைத் தொடங்கியது.

டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்று சொல்கிறது. எண் சிறியதானால் குளிரிலும் சீக்கிரம் ஓடும். பின்னால் உள்ள எண், என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்று சொல்கிறது. எண் பெரியதானால் கெட்டி அதிகம்.

ஹவுராவில் கோடை வெயில் 40 டிகிரியை எட்டும். அங்கே 20 டபிள்யூ 40 உள்ள பழைய என்ஜின் காலையில் சுலபமாக ஸ்டார்ட் ஆகிவிடும். சந்தக்பூவில் குளிர்காலத்தில் பனி விழும். அங்கே அதே ஆயில் விடியற்காலையில் தேன்போல இறுகி நிற்கும். செல்ஃப் மோட்டார் திணறும். ஆயில் மேலே ஏறிப் பேரிங்குகளைத் தொட நேரமாகும். அதுவரை என்ஜின் காய்ந்து ஓடும். என்ஜின் அதிகம் தேய்வது இந்த நேரத்தில்தான். எனவே குளிர் மலையில் ஓடும் வண்டிக்கு 15 டபிள்யூ 40 நல்லது.

டப்பாவில் உள்ள எழுத்துகள்

ஏ.பி.ஐ. என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று எழுத்துகள் இருக்கும். 'எஸ்' என்று தொடங்கினால் பெட்ரோல் என்ஜினுக்கு. 'சி' என்று தொடங்கினால் டீசல் என்ஜினுக்கு. அடுத்த எழுத்து ஆயிலின் தலைமுறையைக் காட்டும். டீசலில் சி.எஃப். 4 என்ற வகை 1990இலும், சி.ஐ. 4 என்ற வகை 2002இலும் வந்தன.

1980களிலும் 1990களிலும் வந்த டீசல் ஜீப்புக்கு 15 டபிள்யூ 40, சி.எஃப். 4 அல்லது சி.ஐ. 4 பொதுவாகப் பொருந்தும்.

பழைய பெட்ரோல் என்ஜினுக்கு இன்னொரு கவனம் வேண்டும். அவற்றில் பலவற்றில் டேப்பெட் தட்டையாக இருக்கும். அது கேம் மேல் அழுத்தமாக உரசும். அந்த இடத்தைக் காக்க ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சரக்கைக் கலப்பார்கள். ஆனால் அது புதுக் கார்களின் புகைக்குழாயில் உள்ள சுத்திகரிப்புக் கருவியைக் கெடுத்துவிடும். அதனால் 1990களிலிருந்து பெட்ரோல் கார் ஆயில்களில் இதைப் படிப்படியாகக் குறைத்தார்கள். ஆகவே விலை கூடிய புதுக் கார் ஆயில், பழைய என்ஜினுக்கு நல்ல ஆயிலாக இருக்கும் என்று சொல்ல முடியாது. 'சி' எழுத்தும் 'எஸ்' எழுத்தும் சேர்ந்து போட்ட 15 டபிள்யூ 40 அல்லது 20 டபிள்யூ 40 ஆயில்கள் கிடைக்கின்றன. மெக்கானிக்கைக் கேட்டு அவற்றில் ஒன்றை எடுக்கலாம்.

"கெட்டியான ஆயில் போட்டால் புகை நிற்குமா?"

பலர் இப்படிக் கேட்பார்கள். தேய்ந்த என்ஜினில் கொஞ்சம் கெட்டியான ஆயில் சிறிது காலம் உதவும். ஆனால் தேய்ந்த ரிங்கை ஆயில் சரிசெய்யாது. அளவுக்கு மீறிக் கெட்டியானால் மெல்லிய துளைகளுக்குள் ஆயில் போகாது. நோய் ஒன்று இருக்க மருந்து வேறு கொடுத்த கதைதான்.

கரடுமுரடான பாதையில் கவனம்

ஆயில் அளவை வண்டி சமதரையில் நிற்கும்போது பாருங்கள். என்ஜினை நிறுத்திச் சில நிமிடங்கள் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டுப் பாருங்கள். ஆயில் மேல்கோட்டுக்கு அருகில் இருக்கட்டும். ஏன் தெரியுமா? செங்குத்தான ஏற்றத்தில் ஆயில் ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். அளவு குறைவாக இருந்தால் பம்பு ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். ஆனால் கோட்டைத் தாண்டியும் ஊற்றாதீர்கள். நுரைத்துவிடும்.

ஓடும்போது ஆயில் சிவப்பு விளக்கு எரிந்தால், பாதுகாப்பாக ஓரம் கட்டி உடனே என்ஜினை நிறுத்துங்கள். "பட்டறை வரை போய்விடலாம்" என்று ஓட்டாதீர்கள்.

மழைக்காலத்தில் ஹவுராவின் தெருக்களிலும் தண்ணீர் தேங்கும். மலையில் ஓடையைக் கடக்க நேரும். தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ போல இருந்தால் தண்ணீர் சேர்ந்துவிட்டது. வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். டீசல் வண்டியில் ஆயில் கறுப்பாக இருப்பது மட்டும் கோளாறு ஆகாது. கரியை அள்ளி வைத்திருக்கிறது என்றே பொருள்.

எப்போது மாற்றுவது? மலையில் வண்டி சிறிய கியரில் போகிறது. ஒரு கிலோமீட்டருக்கு என்ஜின் பல மடங்கு அதிகமாகச் சுற்றுகிறது. கிலோமீட்டர் கணக்கை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். புத்தகத்தில் சொன்ன தூரத்துக்கு முன்பே மாற்றுங்கள். ஆயிலோடு ஃபில்டரையும் மாற்றுங்கள்.

கியர் பாக்சுக்கும் கிரவுனுக்கும் வேறு ஆயில். அதில் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்று இரு வகை உண்டு. சில ஜி.எல். 5 ஆயில்கள் பழைய கியர் பாக்சில் உள்ள பித்தளைப் பாகங்களை அரிக்கக்கூடும். கேட்டு வாங்குங்கள்.

வாங்கும்போதும் கழிக்கும்போதும்

டப்பாவின் சீல் உடையாமல் இருக்கிறதா? தயாரித்த தேதி இருக்கிறதா? பார்த்து வாங்குங்கள். பில் கேளுங்கள். காலி டப்பாவைக் கிழித்து எறியுங்கள். இல்லாவிட்டால் அதில் போலி ஆயிலை நிரப்பி விற்பார்கள்.

கழித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். ஹவுராவின் சாக்கடையில் ஊற்றியது ஹூக்ளி ஆற்றுக்குப் போய்ச் சேரும். அரசு விதிப்படி அது ஆபத்தான கழிவு. சுத்திகரிப்புக்கு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். கையில் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஓர் அட்டையில் உங்கள் கையாலேயே எழுதுங்கள்: என்ஜின் வகை, ஆயில் எண், ஆயில் எழுத்து, மாற்றிய தேதி, மாற்றியபோது ஓடியிருந்த கிலோமீட்டர். அதை வண்டியிலேயே வையுங்கள். அடுத்த முறை கடையில் 'மோபில்' என்று கேட்காமல் அந்த அட்டையை நீட்டுங்கள்.

கலந்து பேசுங்கள்

1. ஓர் ஆயில் டப்பாவைக் கொண்டு வந்து, அதில் உள்ள எண்களையும் எழுத்துகளையும் படியுங்கள். அவை என்ன சொல்கின்றன?
2. ஹவுராவில் ஓடும் ஜீப்புக்கும் சந்தக்பூவில் ஓடும் ஜீப்புக்கும் ஒரே ஆயில் போதுமா? ஏன்?
3. உங்கள் ஊர்ப் பட்டறையில் கழித்த ஆயிலை என்ன செய்கிறார்கள்?