அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா?

போளூரில் என் அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் மேற்கே ஜவ்வாது மலை தெரியும். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலத்தில் அதைப் பார்த்துக்கொண்டே சாமை உப்புமா சாப்பிடுவதற்காகவே வேலூரிலிருந்து பஸ் ஏறலாம். சென்ற முறை போனபோது மலையும் உப்புமாவும் சரியாகத்தான் இருந்தன. வீட்டில்தான் ஒரு யுத்தம் நடந்துகொண்டிருந்தது!

காரணம், ஒரு பழைய நோட்டுப் புத்தகம். அத்தையின் மகள் பள்ளிக்கூட நாளில் ஓட்டக்காரி. அந்தக் காலத்தில் பத்திரிகைகளிலிருந்து வீராங்கனைகளின் படங்களைக் கத்தரித்துச் சோற்றுப் பசையால் ஒட்ட ஆரம்பித்த நோட்டு அது. கல்யாணம் ஆகியும் அவள் அதை விடவில்லை. இப்போது அவளுடைய பெண்ணுக்கு வயது பதின்மூன்று. அவளும் 800 மீட்டர் ஓடுகிறாள். நோட்டும் அவள் கைக்கு வந்துவிட்டது. அதில் ஒரு பக்கத்தைக் கிழித்தாக வேண்டும் என்று அவளுடைய சித்தப்பா பிடிவாதம் பிடிக்கிறார். அது கோமதி மாரிமுத்துவின் படம்.

கோமதியை உங்களுக்கு நினைவிருக்கிறதா? திருச்சியை அடுத்த முடிகண்டம் கிராமத்துப் பெண். 2019 ஏப்ரல் 22-ஆம் தேதி, தோஹா நகரில் ஆசியத் தடகளப் போட்டி. முப்பது வயதில் 800 மீட்டர் ஓட்டத்தை 2 நிமிஷம் 2.70 விநாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். தமக்குச் சோறு மிஞ்சட்டும் என்று தம் தகப்பனார் மாட்டுத் தீவனத்தைத் தின்ற கதையை அவர் சொன்னபோது கண் கலங்காத வீடு உண்டா? கட்சித் தலைவர்களும் சினிமா நடிகர்களும் லட்சம் லட்சமாகப் பரிசளித்தார்கள்.

ஒரு மாதம்தான். சிறுநீர்ச் சோதனையில் நான்ட்ரோலோன் என்ற மருந்தின் சுவடு இருந்ததாகச் செய்தி வந்தது. 2020-ல் தீர்ப்பு: 2019 மே மாதத்திலிருந்து நான்கு வருஷத் தடை. தங்கம் சீனத்து வாங் சுன்யுவுக்குப் போயிற்று. தெரிந்து எந்த மருந்தும் சாப்பிடவில்லை என்றுதான் கோமதி சொன்னார். ஆனால் விளையாட்டுச் சட்டம் பொல்லாதது. உடம்புக்குள் எது போனாலும் அதற்கு ஓடுகிறவரே பொறுப்பு.

நான்ட்ரோலோன் என்பது ஆண்மைச் சுரப்பைப் போல வேலை செய்யும் சரக்கு. தசையை வளர்க்கும், அலுப்பிலிருந்து சீக்கிரம் எழுப்பிவிடும். பெண்கள் உடம்பில் போனால் குரல் தடிக்கலாம், முகத்தில் ரோமம் முளைக்கலாம், மாதவிலக்கு தடுமாறலாம். தடைக்கு நியாயம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இரண்டாவதாக வந்த சீனப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மேடையில் தன் தேசத்துக் கீதம் ஒலிக்க நின்றிருக்க வேண்டியவள்!

"ஏமாத்தி ஜெயிச்சவ படத்தை வெச்சிக்கினு இருந்தா, குழந்தை இன்னாத்தைக் கத்துக்கும்?" என்றார் சித்தப்பா.

"அந்தப் பொண்ணு பொண்ணே இல்லைன்னாங்களே, அவதானே இது?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் நோட்டின் தையலோரத்தில், ஏற்கனவே கிழிந்துபோன ஒரு பக்கத்தின் விளிம்பை அம்மாக்காரி எனக்குக் காட்டினாள். அங்கே இருந்த படம் சாந்தி சௌந்தரராஜனுடையது. புதுக்கோட்டைச் சீமையின் கத்தக்குறிச்சிப் பெண். 2006-ல் ஆசிய விளையாட்டில் வெள்ளி வாங்கியவர். அதே தோஹா, அதே 800 மீட்டர்! பெண்தானா என்று சோதனை போட்டுப் பதக்கத்தைப் பறித்தார்கள். அதில் மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. பிறந்த உடம்போடு ஓடியதுதான் அவர் செய்தது. பதக்கம் போன பிறகும் அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் அளித்தார். பிற்காலத்தில் சாந்தி பயிற்சியாளராகவும் ஆனார். ஆனால் போளூரில் அந்தப் பக்கத்தை யார் கிழித்தது தெரியுமா? அத்தைதான்! அக்கம்பக்கத்துப் பேச்சுக்குப் பயந்து.

அத்தை அப்புறம் வாய் திறக்கவில்லை. தாளிப்பு மட்டும் கொஞ்சம் பலமாகச் சத்தம் போட்டது.

இந்த வழக்கு போளூரோடு நிற்கவில்லை, நேயர்களே. அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. அதன் மகா ஆட்டக்காரர்களுக்கு நியூயார்க் மாகாணத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சிற்றூரில் ஒரு கீர்த்தி மண்டபம் கட்டியிருக்கிறார்கள். பத்திரிகை நிருபர்கள் ஓட்டுப் போட்டு, நூற்றுக்கு 75 பேர் சம்மதித்தால் வெண்கலப் பலகையில் முகம் பதியும். பாரி பாண்ட்ஸ் என்பவர் 762 தடவை பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தவர். அவரை மிஞ்சினவர் இன்றுவரை இல்லை. இருந்தும் மருந்துச் சந்தேகத்தால், பத்தாவதும் கடைசியுமான 2022-ஆம் வருஷத் தேர்தலில் 66 சதவிகிதத்தோடு வாசலிலேயே நின்றுவிட்டார். ஊக்க மருந்து அமர்க்களப்பட்ட அதே காலத்தில் ஆட்டத்துக்கே தலைவராயிருந்த பட் செலிக் மட்டும் 2017-ல் மண்டபத்துக்குள் பிரவேசித்தார். விசித்திரம் அல்லவா?

அதைவிட விசித்திரம் ஒன்று. பாண்ட்ஸ் 756-ஆவது தடவை அடித்துப் பழைய சாதனையை முறியடித்த பந்தை ஓர் உடை வியாபாரி ஏழரை லட்சம் டாலருக்கு வாங்கினார். என்ன செய்யலாம் என்று ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டு, அதன்படி அதில் ஒரு நட்சத்திரக் குறியைப் பொறித்து மண்டபத்துக்கே கொடுத்துவிட்டார். அடித்தவர் வெளியே, அடித்த பந்து குறியோடு உள்ளே!

இதை நான் சொன்னதும் குழந்தை ஒன்றும் பேசாமல் நோட்டைப் புரட்டினாள். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் தொடர் ஓட்டத் தங்கம் வாங்கிய நான்கு பெண்களின் படம். மஞ்சித் கௌர், சினி ஜோஸ், அஸ்வினி அக்குஞ்சி, மன்தீப் கௌர். பின்னவர்கள் மூவரும் 2011-ல் மருந்துச் சோதனையில் அகப்பட்டார்கள். பயிற்சியாளர் கொடுத்த ஜின்செங் மாத்திரையால் வந்த வினை என்றார்கள். உக்ரேனியரான அந்தப் பயிற்சியாளர் யூரி ஒகொரோத்னிக்கை வேலையிலிருந்து நீக்கினார்கள். பெண்களுக்கு முடிவில் இரண்டு வருஷத் தடை. ஆனால் 2010-ல் ஒன்றும் அகப்படவில்லையே! ஆகையால் அந்தத் தங்கம் இன்றும் கணக்கில் இருக்கிறது.

"அப்போ இதையும் கிழிக்கணுமா மாமா?" என்றாள்.

சித்தப்பா காபியை ஆற்றிக்கொண்டிருந்தார், ஆற்றிக்கொண்டே இருந்தார்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் சொல்லுகிறேன். பதக்கம் போனது சரி. பள்ளிக்கூடச் சுவரில் "ஆசியத் தங்கம்" என்று கோமதியின் பெயரை எழுதக் கூடாது. ஆனால் நோட்டுப் பக்கத்தைக் கிழித்தால், தீவனம் தின்ற தகப்பனும் போகிறார். எப்படித் தவறு நடந்தது என்ற பாடமும் போகிறது. பாட்டியாலாவில் அவரிடம் முதல் சிறுநீர் எடுத்தது மார்ச் 18-ஆம் தேதி. தோஹா ஓட்டத்துக்கு ஐந்து வாரம் முந்தி! அந்த முடிவு காலத்தோடு வந்திருந்தால் அவர் விமானமே ஏறியிருக்க மாட்டார். அந்த ஐந்து வாரத்துக்கு யார் படத்தைக் கிழிப்பது?

தண்டனை முடிந்த பிறகு ஒருவரை மன்னிப்பதும் நம் தேசத்துக்குப் புதிதல்ல. மணிப்பூரின் பளு தூக்கும் வீராங்கனை குஞ்சராணி தேவி 2001-ல் சோதனையில் தவறி ஆறு மாதம் தடைப்பட்டவர். 2006-ல் காமன்வெல்த் தங்கம் தூக்கினார். 2011-ல் பத்மஸ்ரீ பெற்றார்.

கடைசியில் அம்மாக்காரிதான் முடிவு கட்டினாள். கோமதியின் படத்தின் கீழே, பேனாவால், தேதி தவறாமல், நடந்ததெல்லாம் எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தவள் அலமாரியிலிருந்து ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். மைதானத்தில் யாரோ ஒருவர், குழந்தைக்குப் பலம் வரும், பாலில் கலந்து கொடுங்கள் என்று சிபாரிசு செய்த மாவாம். மூடி இன்னும் திறக்கவில்லை.

"இதுல இன்னா போட்டிருக்குதுன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றாள்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, திண்ணை விளக்கடியில் பார்த்தேன். முன்பக்கத்தில் புஜம் புடைத்த ஓர் ஆசாமி. பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தாற்போல் எழுத்து. பாதிக்கு மேல் எனக்குப் புரியவில்லை. அத்தை டப்பாவை வாங்கிக்கொண்டு போய்ப் பரணில் போட்டாள். குழந்தைக்கு அன்று இரவு கேழ்வரகுக் களியும் நிலக்கடலைச் சட்னியும்.